கிராக்கோவில் சாப்பாட்டு நடை: சைவக்காரரோடு போனால் காசு வீணா?

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், ஊர் திருப்பாதிரிப்புலியூர். மகள் போலந்தில் கிராக்கோவ் நகரத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். 1364-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், கோப்பர்நிகஸ் படித்த இடம் என்று போனில் அடிக்கடி பெருமை பேசுவாள். செப்டம்பர் கடைசியில் நானும் வீட்டம்மாவும் அவளைப் பார்க்கப் போகிறோம். 10 நாள் தங்கல். விசா கைக்கு வந்துவிட்டது.

அங்கே மகள் ஒரு ஏற்பாடு செய்யப் பார்க்கிறாள். ஊரின் பழைய பகுதியில் கைடு ஒருவர் நம்மை நடத்திக் கூட்டிப் போவாராம். நாலு மணி நேரம். ஐந்தாறு இடத்தில் நிறுத்தி, அந்த ஊர்க்காரர்கள் பரம்பரையாகச் சாப்பிடுகிற அயிட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்க்கக் கொடுப்பாராம். தலைக்கு 340 ஸ்வோட்டி. ஒரு ஸ்வோட்டி நம் காசுக்கு 20 ரூபாய்க்கு மேல். இரண்டு பேருக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டம்மா பிறந்ததிலிருந்து சைவம். கேக்கில் முட்டை இருந்தால் கேட்டுக்கொள்ளாமல் சாப்பிடுவாள், அதோடு சரி. நான் மீன், கோழி சாப்பிடுவேன். மாடும் பன்றியும் தொடுவதில்லை. அந்த ஊரில் எந்தச் சட்டியைத் திறந்தாலும் பன்றி என்று கேள்வி. அவளுக்கு முழங்கால் வலி வேறு. மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒரு சுற்று வந்தாலே உட்கார இடம் தேடுவாள்.

இந்த மாதிரி நடையில் யாராவது போயிருக்கிறீர்களா? சைவக்காரர்களுக்கு அதில் தின்ன என்ன இருக்கிறது? எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? மகளிடம் கேட்டால் "அப்பா, நீங்க சும்மா வாங்க" என்கிறாள். சும்மா வருவதற்கு இந்த விலையா என்பதுதான் என் சந்தேகம்.

---

உப்பனாறு எழுதியது:

சார், முதலில் ஒரு விஷயம். செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி. திருவந்திபுரத்தில் மொட்டை போட வரிசை நிற்கிற நேரத்தில் நீங்கள் போலந்தில் தொத்திறைச்சி ருசி பார்க்கப் போகிறீர்களா? அந்த மாதம் உங்கள் வீட்டில் மீன் சட்டியையே பரணில் ஏற்றிவிடுவார்களே!

இரண்டாவது, என் சிநேகிதன் வார்சாவில் நாலு வருஷம் இருந்தான். அவன் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். அங்கே 'பார் ம்லெச்னி' என்று ஒரு வகைக் கடை உண்டு. பெயருக்கு அர்த்தம் பால் கடை. சாராயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் கடை வார்சாவில் 1896-இல் வந்தது. பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் தெருவுக்குத் தெரு திறந்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்குப் போய் வாங்கிச் சாப்பிட வேண்டியதுதான். நம் ஊர் மெஸ் மாதிரி. அங்கே ஒரு வேளை சாப்பிட்டால் அந்த 340-இல் கொஞ்சம்தான் ஆகும். நடையாவது கைடாவது. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள், முடிந்தது.

---

கெடிலக்கரை எழுதியது:

அடக் கடவுளே. டிக்கெட் விலை எந்த வாரம் குறைவு என்று மட்டும்தான் பார்த்தேன், பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. கணக்கு வாத்தியாருக்கு இது தேவைதான். அப்படியானால் இப்போது இரண்டு பேருமே சைவம் என்று வைத்துப் பதில் சொல்லுங்கள்.

---

முத்தியால்பேட்டை எழுதியது:

சார், புதுச்சேரியில் வெளிநாட்டுக்காரர்களை நடத்திக் கூட்டிப் போகிற தொழிலில் 18 வருஷமாக இருக்கிறேன். காலையில் ஆயி மண்டபத்தில் ஆரம்பித்து, துய்மா தெரு, பெரிய மார்க்கெட், கடைசியில் ஒரு காப்பி. அப்படிப்பட்டவன் இன்னொரு கைடுக்குக் காசு கொடுத்து நடப்பதா என்று எனக்கும் கொஞ்சம் கௌரவம் இருந்தது. போன வருஷம் ஜூனில் மச்சான் எங்களை பாரீஸுக்கு வரவழைத்தான் (அவர்கள் சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், பாதிப் பேர் அங்கேதான்). அங்கிருந்து நாலு நாள் கிராக்கோவ். நடைக்கும் அவனே காசு கட்டிவிட்டான், அதனால் கௌரவத்தை மடித்து வைத்துவிட்டுப் போனேன். உப்பனாறு சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நடைக்கு முந்தின நாள் நடந்த கூத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். என் வீட்டுக்காரியும் உங்கள் வீட்டம்மா கட்சிதான். சதுக்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். மெனுவில் 'பியரோகி ருஸ்கியே' இருந்தது. உள்ளே உருளைக்கிழங்கு, பாலைத் திரித்து எடுக்கிற வெள்ளைப் பாலாடைக்கட்டி, வதக்கிய வெங்காயம். பரிமாறிய பெண்ணிடம் வெஜிடேரியன்தானே என்று இரண்டு தடவை கேட்டோம். ஆமாம் என்றாள். தட்டு வந்தது. சோமாசி மாதிரி பாதி நிலா வடிவம், ஓரத்தை மடித்துக் கிள்ளியிருக்கிறார்கள், ஆனால் எண்ணெயில் போடாமல் கொழுக்கட்டை போல வேகவைத்தது. மேலே பொன்னிறத்தில் பொடிப்பொடியாக, மொறுமொறுவென்று ஏதோ தூவியிருந்தது. வறுத்த வெங்காயம் என்று நினைத்து அவள் மூன்று சாப்பிட்டுவிட்டாள். நாலாவதைக் கடித்தவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு காகிதத் துண்டில் துப்பி, அதை நாலாக மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்தாள்.

வறுத்த பன்றிக் கொழுப்பு சார். 'ஸ்க்வார்கி' என்று பெயர். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டால், "உள்ளே இறைச்சி இல்லையே" என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் இறைச்சி என்றால் இறைச்சிதான். கொழுப்பு என்பது நமக்கு நெய் மாதிரி, மேலே விட்டுக்கொள்வது. அன்று ராத்திரி 10 மணிக்கு என் வீட்டுக்காரி தலைக்குக் குளித்தாள். நாளைக்கு நீங்கள் மட்டும் போங்கள் என்றாள். கட்டின காசு திரும்ப வராது என்று மச்சான் சொன்ன பிறகுதான் கிளம்பினாள்.

மறுநாள் காலை 11 மணிக்கு பார்பகன் வாசலில் கூடினோம். பழைய கோட்டைமதிலுக்கு முன்னால் வட்டமாகச் செங்கல்லில் கட்டிய காவல் கொத்தளம். மதிலை இடித்த இடத்தில் இப்போது ஊரைச் சுற்றி மாலை போட்ட மாதிரி பூங்கா இருக்கிறது, பெஞ்சு நிறைய. உங்கள் வீட்டம்மா காலுக்கு அந்த பெஞ்சுகள் உதவும். மொத்தம் ஒன்பது பேர். என் வீட்டுக்காரி, ஜவுளிக்கடைக்கு வந்த புருஷன் மாதிரி, ஓரமாக நின்றாள்.

கைடு நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மா. வந்ததும் ஊர்ப் பெருமை பேசவில்லை. சின்ன நோட்டை எடுத்து ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிடமாட்டீர்கள் என்று கேட்டார். வெஜிடேரியன் என்று சொன்னதோடு விடவில்லை. இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்த சூப் ஆகுமா? பன்றிக் கொழுப்பில் பொரித்தது ஆகுமா? ஜெலட்டின்? முட்டை? வீட்டுக்காரி முந்தின நாள் கதையை என் வழியாகச் சொன்னாள். கைடு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மூன்று வார்த்தை சொல்லிக்கொடுத்தார்: 'பெஸ் மியென்சா', இறைச்சி இல்லாமல். 'பெஸ் ஸ்க்வாரெக்', அந்த மொறுமொறு இல்லாமல். 'பெஸ் ஸ்மால்ட்சு', பன்றிக் கொழுப்பு இல்லாமல். வீட்டுக்காரி சஷ்டி கவசம் மாதிரி நாலு மணி நேரமும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். 18 வருஷத் தொழிலில் நான் 'வெஜ்ஜா நான்வெஜ்ஜா' என்பதற்கு மேல் யாரிடமும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

முதலில் தெருவோரத் தள்ளுவண்டியில் 'ஒப்வஜானெக்' வாங்கிக் கொடுத்தார். கை முறுக்கு சுற்றுகிற மாதிரி மாவை இழை இழையாகத் திரித்து வளையமாக்கி, சுடுதண்ணீரில் ஒரு முக்கு முக்கி, பிறகு அடுப்பில் சுடுகிறார்கள். மேலே கசகசா, எள் அல்லது கல்லுப்பு. 1394-இல் ராணி யாத்விகாவுக்காக இதை வாங்கிய செலவு அரண்மனைக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறதாம். ஐரோப்பிய யூனியன் 2010-இல் இதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. நமக்குப் பண்ருட்டிப் பலா மாதிரி, ஊர்ப் பெயரோடு ஒட்டிய அயிட்டம். காலையில் வாங்கினால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. சாயங்காலம் வாங்கினால் தாம்புக்கயிறு. இரண்டு பேருக்கு ஒன்று போதும். சிரமமில்லாத சைவம், நடக்கும்போதே பிய்த்துத் தின்னலாம்.

அங்கிருந்து இரண்டு நிமிஷ நடையில் ஸ்டாரி கிளெபாஷ் மார்க்கெட். நம் பெரிய மார்க்கெட்டில் பாதிகூட இல்லை, ஆனால் வாசனை உண்டு: சதகுப்பைக்கீரை (இங்கிலீஷில் டில்), ஊறுகாய்ப் பீப்பாய், புகை போட்ட சீஸ். ஒரு கிழவி பிளாஸ்டிக் பாட்டிலில் கலங்கலாக, சாம்பல் நிறத்தில் ஏதோ விற்றுக்கொண்டிருந்தார். அடியில் மாவு படிந்திருந்தது. பழைய சோற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி வைத்த மாதிரி. கைடு அம்மா அதை வாங்கி மூடியைத் திறந்து, மோந்து பாருங்கள் என்று சுற்றுக்கு விட்டார். ஜெர்மனிக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். என் முறை வந்தது.

ஆடி மாசக் கூழ் சார் அது. அப்படியே. எங்கள் அம்மா கேழ்வரகு மாவைக் கரைத்து மண்பானையில் ராத்திரி மூடி வைப்பாள். விடிகாலையில் மூடியைத் தள்ளினால் மூக்கில் ஏறுமே ஒரு புளிப்பு, அது. நான் பாட்டிலை வீட்டுக்காரியிடம் நீட்டினேன். ஒரு தடவை மோந்தாள், இன்னொரு தடவை மோந்தாள். "நம்ம மாரியம்மன் கோயில்" என்றாள். கிராக்கோவில் இறங்கியதிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். 'ரை' என்று கோதுமைக்குப் பங்காளியான ஒரு தானியம். குளிரும் தரித்திர மண்ணும் அதற்குப் பரவாயில்லை, அதனால் போலந்தில் ஏழை வீட்டு ரொட்டி எல்லாம் அதில்தான். அந்த மாவைத் தண்ணீரில் கரைத்துப் பூண்டு தட்டிப் போட்டு நாலைந்து நாள் மூடி வைத்தால் புளித்துவிடும். அந்தப் புளிப்பில் காய்ச்சுகிற சூப்தான் 'ஜூரெக்'. நம் வீட்டில் ஒரு ராத்திரியில் ஆகிற வேலைக்கு அவர்களுக்கு நாலு நாள், குளிர் ஊர் பாருங்கள். வீட்டில் செய்ய நேரமில்லாதவர்கள் இந்தப் பாட்டிலை வாங்கிப் போகிறார்கள். (நம் தாளிப்பு வடகத்துக்கு பிரெஞ்சுக்காரன் 'வதூவான்' என்று பெயர் வைத்துக் குப்பியில் விற்கிறான். கூழையும் ஒருநாள் விற்பான்.)

நான் இதையெல்லாம் ஓட்டை இங்கிலீஷில் கைடு அம்மாவிடம் சொன்னேன். கோயிலில் அண்டா வைத்துத் தெருவுக்கே ஊற்றுவோம், வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்போம் என்று. அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அடுத்த குழுவுக்கு அதைச் சொல்லியிருப்பார், நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

கெட்ட செய்தி என்னவென்றால், கடையில் தருகிற ஜூரெக்கில் வெள்ளைத் தொத்திறைச்சியும் அவித்த முட்டையும் போட்டுத்தான் வரும். நான் குடித்தேன், அமிர்தம். என் வீட்டுக்காரிக்கு மோந்ததோடு சரி.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரியான்ஸ்கா வாசல் வழியாகப் பெரிய சதுக்கத்துக்குப் போவார்கள். 1257-இல் அளந்து போட்டது, ஒரு பக்கம் 200 மீட்டர் போல. மணிக்கு ஒரு தடவை மாதா கோயில் கோபுரத்திலிருந்து ஒருவர் எக்காளம் ஊதுவார், பாட்டு நடுவிலேயே பட்டென்று நின்றுவிடும். தாத்தாரியர் படை வந்ததை ஊதிச் சொன்னவன் தொண்டையில் அம்பு பாய்ந்த இடம் அது என்று கதை. கதை உண்மையோ இல்லையோ, நிற்கிற இடத்தில் ஒன்பது பேரும் வாயைப் பிளந்து மேலே பார்த்தோம்.

பிறகு உட்கார்ந்து சாப்பிட ஒரு நிலவறைக் கடை. மேசைக்கு முதலில் ரொட்டியும் ஒரு கிண்ணம் வெள்ளை விழுதும் வரும். வெண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் ஸ்மாலெட்ஸ், பன்றிக் கொழுப்பு. பக்கத்தில் உப்புத் தண்ணீரில் புளித்த வெள்ளரிக்காய் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு முட்டைக்கோசும் நாலு வகை இறைச்சியும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பிகோஸ் வந்தது. எங்கள் பக்கம் பியரோகி, இந்தத் தடவை மேலே வெண்ணெய் மட்டும். வீட்டுக்காரி ஒவ்வொன்றையும் பிளந்து பார்த்துத்தான் வாயில் வைத்தாள். ஏழு சாப்பிட்டாள். வோட்கா வேண்டாம் என்றால் கொம்போட் தருவார்கள். பழத்தைத் தண்ணீரில் வேகவைத்து ஆறவைத்த பானம்.

கடைசியாகக் கஜிமியெஷ், பழைய யூதர் பகுதி. பிளாட்ஸ் நோவி என்ற சதுக்கத்தின் நடுவில் ஒரு வட்டக் கட்டடம். ஒரு காலத்தில் யூத முறைப்படி கோழி அறுத்த இடம், இப்போது சுற்றிலும் ஜன்னல் ஜன்னலாக ஜபியெகான்கா விற்கிறார்கள். நீள ரொட்டியைப் பிளந்து காளானும் சீஸும் வைத்துச் சுட்டு, மேலே கெட்சப். நம் ஊர் பேக்கரி ரொட்டியில் இதைச் செய்தால் கடற்கரையில் பறக்கும். அங்கே கைடு அம்மா தின்னச் சொல்லவில்லை, முதலில் பேசினார். போருக்கு முன்னால் இந்த ஊரில் நாலில் ஒருவர் யூதர். 1941-இல் நாஜிகள் அவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மதிலுக்குள் தள்ளினார்கள். ஊறுகாய், வளைய ரொட்டி, மீன் எல்லாம் இரண்டு சனமும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் விற்றது. அவர் சொல்லி முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் வரிசையில் போய் நிற்கவில்லை.

இனி உங்கள் கேள்வி. தூரம் அதிகமில்லை. சதுக்கத்திலிருந்து கஜிமியெஷ் ஒன்றரை கிலோமீட்டர் போல, மற்றதெல்லாம் கூப்பிடு தூரம். ஆனால் கல் பாவிய தெரு, செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். கால் முடியாவிட்டால் அந்தக் கடைசித் தூரத்துக்கு டிராம் இருக்கிறது, கைடிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

காசு கட்டுவதற்கு முன் மகளை ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். 'இரண்டு பேர், இறைச்சி இல்லை, எலும்புத் தண்ணீர் இல்லை, கொழுப்பு இல்லை. எங்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் என்ன தருவீர்கள்' என்று. பதிலில் அயிட்டம் அயிட்டமாகப் பெயர் வந்தால் கட்டுங்கள். 'கவலை வேண்டாம், சமாளித்துக்கொள்ளலாம்' என்று வந்தால் கட்டாதீர்கள். அந்தப் பதிலை நானே எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். கட்டுவதானால் போன மறுநாளே போய்விடுங்கள், ஊருக்குத் திரும்புகிற நாளில் அல்ல. உப்பனாறு சொல்கிற பால் கடைக்கு அதற்குப் பிறகு போனால் பலகையில் எழுதியிருப்பதில் பாதி உங்களுக்குப் புரியும்.

---

லாஸ்பேட்டை பொண்ணு எழுதியது:

வணக்கம் சார். நான் ஆறு வருஷமாகக் கிராக்கோவில்தான் இருக்கிறேன். முத்தியால்பேட்டை அண்ணன் நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். மார்க்கெட்டில் புகை போட்ட சீஸ் என்றாரே, அது 'ஓஸ்ட்சிபெக்'. தெற்கே தாத்ரா மலை இடையர்கள் செம்மறி ஆட்டுப் பாலில் செய்வது, நூல் நூற்கிற கதிர் மாதிரி இரண்டு பக்கமும் கூர்மையாக, மேலே அச்சு வேலையோடு இருக்கும். சூடு காட்டி, மேலே சிவப்புப் பழ ஜாம் வைத்து எல்லா நடையிலும் தருவார்கள். "இது வெஜிடேரியன்" என்று தைரியமாகச் சொல்வார்கள். ஆனால் பாலைத் திரிக்கப் பரம்பரையாகக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட்டைத்தான் சேர்க்கிறார்கள். அம்மா இதைத் தெரிந்து சாப்பிட்டால் அவர்கள் இஷ்டம். தெரியாமல் சாப்பிட்டுவிட்டு அப்புறம் தெரிந்தால் அண்ணன் வீட்டு 10 மணிக் குளியல்தான்.

(அந்த நடையில் அண்ணியும் இதைத் தின்றாரா என்று நான் கேட்கப் போவதில்லை.)

பீட்ரூட் சூப்பும் பார்த்துக்கொள்ளுங்கள். தெளிவாகச் சிவப்பாக, நம் ரசம் மாதிரி இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு இங்கே வீட்டுக்கு வீடு இறைச்சி இல்லாத விருந்து, அன்றைக்குக் காளான் வைத்துச் செய்வார்கள். மற்ற நாளில் கடையில் பெரும்பாலும் எலும்புத் தண்ணீர்தான். உருளைக்கிழங்கு அடையும் அப்படியே, எதில் பொரித்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

ஆனால் புரட்டாசி என்று பயப்படவே வேண்டாம், நீங்கள் சரியான மாதத்தில்தான் வருகிறீர்கள். செப்டம்பர், அக்டோபரில் இங்கே சனிக்கிழமையானால் குடும்பம் குடும்பமாகக் கூடையோடு காட்டுக்குப் போய்க் காளான் பொறுக்குவார்கள். கிளெபாஷ் வாசலில் கிழவிகள் செய்தித்தாளை விரித்துக் குவித்து வைத்திருப்பார்கள். காளானும் முட்டைக்கோசும் வைத்த பியரோகி கேளுங்கள். கொத்துமல்லிக்குப் பதில் சதகுப்பைக்கீரை வாசனை வரும், பழகிவிடும். அதே நேரம் பிளம்ஸும் வரும். 'க்னெட்லே' என்று ஒன்று: உருளைக்கிழங்கு மாவை உருட்டி, உள்ளே ஒரு முழு பிளம்ஸை வைத்து மூடி வேகவைப்பார்கள். பூரணத்துக்குப் பதில் பழம் வைத்த கொழுக்கட்டை. எங்கள் அம்மா வந்தபோது பிள்ளையார் சதுர்த்திக்கு அதையே படைத்துவிட்டார்.

உப்பனாறு அண்ணா, பால் கடை பற்றி நீங்கள் சொன்னது சரி. இன்னொன்றும் உண்டு: அங்கே விலை குறைவாக இருப்பதற்கு அரசு மானியம் ஒரு காரணம், அந்த மானியம் இறைச்சி இல்லாத அயிட்டங்களுக்குத்தான். ஆக சைவக்காரர்களுக்குப் போலந்து அரசாங்கமே பங்கு போடுகிறது. ஆனால் பலகை முழுக்க போலிஷ், கவுண்டர் அம்மாக்களுக்குப் பொறுமை கிடையாது. வரிசையில் நின்று யோசித்தால் திட்டுவார்கள். பெயர் தெரிந்துகொண்டு போவது நல்லது.

குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதாது, ஜாக்கெட்டும் வேண்டும். சாயங்கால நடையை விடப் பகல் நடை நல்லது.

---

முத்தியால்பேட்டை எழுதியது:

அம்மாடி, அந்த சீஸை அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள், எனக்கும் இப்போதுதான் தெரிகிறது. இந்தப் பக்கத்தை அவள் கண்ணில் காட்டமாட்டேன்.

---

உப்பனாறு எழுதியது:

மானியம் விஷயம் தெரியாது, நன்றி. புளிக்காய்ச்சல் கருத்தை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

---

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் வீட்டம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கொழுப்புக் கதையில் "சிவ சிவா" என்றாள். சீஸ் கதையில் அதுவும் சொல்லவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கூழ் பாட்டில் இடத்தை மட்டும் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

மகள் மெயில் போட்டாள். ஒரு இடத்திலிருந்து 'கவலை வேண்டாம்' என்றுதான் பதில் வந்தது, விட்டுவிட்டோம். இன்னொருவர் ஏழு அயிட்டம் எழுதி, அதில் எது எதை எங்களுக்கு மாற்றித் தருவார் என்றும் எழுதியிருந்தார். காளான் பியரோகியும் பிளம்ஸ் கொழுக்கட்டையும் அதில் இருக்கின்றன. ஜூரெக்கை எங்களுக்கு மட்டும் இறைச்சி இல்லாமல், காளான் தண்ணீரில் காய்ச்சச் சொல்லிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். சேர்ந்த மறுநாள் பகல் 11 மணிக்குப் பதிவு செய்தாகிவிட்டது.

அந்த மூன்று வார்த்தைகளையும் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். இன்று காலை பால்காரரிடம் "பெஸ் ஸ்மால்ட்சு" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் அரை லிட்டர் ஊற்றிவிட்டுப் போனார்.

முத்தியால்பேட்டை சாருக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தப் புளித்த மாவுப் பாட்டிலை ஊருக்குக் கொண்டுவர முடியுமா? அடுத்த ஆடிக்கு ஒரு தடவை வைத்துப் பார்க்கலாம் என்று எனக்கு ஆசை. "அதுக்கு எதுக்கு விமானத்துல பாட்டிலைத் தூக்கணும்? கேழ்வரகு மாவுல நான் பூண்டு தட்டிப் போட்டுத் தர்றேன்" என்கிறாள் இவள்.